சங்கு ஏன் ஊதவில்லை

அந்தக் கல்லூரியில் பதில் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்கிறவர் என்று பார்த்தால் கோமதி மேடம் ஒருவர்தான். கணிப்பொறித் துறையில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், நிரந்தர ஆசிரியர்கள் உட்காரும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி கிடையாது. அதனால் நாள் முழுக்க ஆய்வகத்திலேயே இருப்பார். ஏன் மேடம் இங்கேயே இருக்கீங்க என்று யாராவது கேட்டால், "இங்க ஏசி ஓடுதுல்ல" என்பார்.

அன்புக்கனி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து கல்லூரி வாசலில் மைக் பிடித்ததில் தொண்டை கட்டிப்போயிருந்தது. முதுகலை கடைசி வருஷம். பேச்சுப் போட்டிக் கோப்பைகள் விடுதி அறையில் துணி காயப்போடும் அளவுக்கு நின்றன. கையில் ஓர் அட்டை இருந்தது. 'கொலைகாரன் பூலுடையாருக்கு ஜாமீன் கொடுக்காதே.'

"மேடம், வாசலுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும் நீங்க."

"எனக்குப் பேச வராது."

"சரி, பேச வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கண்ணு முன்னால செவப்பு எழுத்துல 'அபாயம்'னு போட்டும் ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டான்னா, அவனைக் கொலைகாரன்னு சொல்லலாமா, கூடாதா?"

"யார் கண்ணு முன்னால?"

"அவன் கண்ணு முன்னாலதான்."

"அவர்தான் நாற்காலியில இல்லையே."

"இல்லாமப் போனதுதானே மேடம் குத்தமே!"

கோமதி மேடம் டிபன் டப்பாவைத் திறந்து, எலுமிச்சம்பழச் சாதத்தைப் பார்த்து, மறுபடி மூடி வைத்தார்.

நடந்தது ஊருக்கே தெரியும். மலையடிவாரத்தில் செம்பாறை அணை. அதற்குக் கீழே ஆற்றோரமாகக் கீழத்துறை என்று ஒரு சிற்றூர். மலையில் மழை பெய்தால் அணை நிரம்பி, ஆற்றில் திடுதிப்பென்று வெள்ளம் வந்துவிடும். ஊருக்குள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். அதற்காக அன்புக்கனியும் அவள் வகுப்பு இர்ஃபானும் சேர்ந்து போன வருஷம் ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். அணையில் தண்ணீர் மட்டத்தை அளந்து, அபாயமா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் புரோகிராம் அவளுடையது. அபாயம் என்றால் கீழத்துறைப் படித்துறையில் கட்டியிருக்கும் மின்சாரச் சங்கை ஊதவைக்கும் புரோகிராம் அவனுடையது. திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி மேடையில் ஒரு பட்டனை அமுக்கினார். கீழத்துறையில் சங்கு ஊதியது. எல்லோரும் கைதட்டினார்கள். இனி மிஷினே பார்த்துக்கொள்ளும் என்று அணையில் இருந்த இரண்டு காவலாளிகளில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்தான் பூலுடையார்.

போன வாரம் அவர் அக்கா மகன் வீட்டுக்குக் கோயில் கொடைவிழாச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அணை நிரம்பி வழிந்தது. சங்கு ஊதவில்லை. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மாரிச்செல்வியை ஆறு கொண்டுபோனது. பதினொன்றாம் வகுப்பு படித்த பெண். கீழத்துறைக்கு இரண்டு ஊர் தள்ளி, ஒரு பாலத்தூணில் சிக்கியிருந்தாள்.

அணை அறையின் கேமராவில் ஒரு படம் பதிவாகியிருந்தது. காலி நாற்காலி, அதற்கு எதிரே திரை முழுக்கச் சிவப்பில் 'அபாயம்'. எல்லாப் பத்திரிகையிலும் வந்தது அந்தப் படம். எங்கள் மாணவர்களின் கருவி தன் கடமையைச் செய்தது, மனிதன்தான் தவறிவிட்டான் என்று கல்லூரி முதல்வர் பேட்டி கொடுத்தார். கீழத்துறைக்காரர்கள் பூலுடையாரைப் பிடித்து அடித்ததில் கை முறிந்தது. கட்டோடு சிறையில் இருந்தார்.

"மாரிச்செல்வியோட அம்மா வாசல்லதான் இருக்காங்களா?" என்று கேட்டார் மேடம்.

"மாடத்தியம்மாவா? பந்தல்ல எங்க கூடவே இருக்காங்க. சோறு தண்ணி இல்ல."

"ஏதாவது பேசினாங்களா?"

"பேசவே மாட்டேங்காங்க மேடம். மைக்கைக் கொண்டுபோய்க் கையில கொடுத்தோம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'சங்கு ஏன் ஊதல?' அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அதுக்கப்புறம் முக்கா மணி நேரம் பேசினேன். கூட்டமே அழுதுட்டு."

"அவங்களுக்குப் பதில் சொன்னியா?"

"கூட்டத்துக்குத்தான் மேடம் பேசினேன். அவங்களும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க."

மேடம் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா என்று அன்புக்கனிக்குப் பிடிபடவில்லை.

"சங்கு ஏன் ஊதல?" என்றார் மேடம்.

"என்ன மேடம், நீங்களும் அதையே கேக்கீங்க."

"தெரியாமத்தான் கேக்கேன்."

"பூலுடையார் அங்க இல்ல. இருந்திருந்தா திரையைப் பாத்துட்டுக் கையால பட்டனை அமுக்கியிருப்பார்."

"அவர் அமுக்கித்தான் ஊதணும்னா நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?"

அன்புக்கனிக்குக் கோபம் வந்தது. வாதம் என்றால் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அது தன் பக்கம் திரும்பும்போது காது மடல் சூடாகிவிடும்.

"தானாத்தான் ஊதணும். ஊதல. ஒத்துக்கிடுதேன். அது வேற விஷயம்."

"என்ன விஷயம்?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இர்ஃபான் பகுதியில ஏதோ கெட்டிருக்கு மேடம். எனக்கு அன்னைக்கே தெரியும். என்னோடது சொல்லியிருக்கு, படமே இருக்கு. அவனோடதுதான் ஊதல. ஆனா அவன் பேரை நான் எங்கயும் எடுக்கல. போலீஸ்கிட்டயும் சொல்லல. முதல் தலைமுறையாப் படிக்க வந்த பையன், அவன் வாழ்க்கை போயிடும். பாவம்னு காப்பாத்தி வச்சிருக்கேன்."

"பூலுடையார்?"

"அவன் சம்பளம் வாங்குதவன்தானே. சோத்துக்குப் போகலாமா?"

"போகக்கூடாது. தப்புதான். வேலையை விட்டு எடுக்கலாம். கொலைக் கேஸ் யாரு போட்டா?"

"மாடத்தியம்மாதான் புகார் கொடுத்தாங்க."

"அவங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"நான்தான் எழுதிக்கொடுத்தேன். அவங்க கைநாட்டு வச்சாங்க."

மேடம் எழுந்து செல்போனை எடுத்தார். "இர்ஃபானை வரச் சொல்லுதேன்" என்றார்.

இர்ஃபான் வருவதற்கு நேரம் ஆனது. வந்தவன் வாசலிலேயே நின்றான். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டிருந்தான்.

"வாலே. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசல்ல நின்னா ஆரத்தியா எடுப்பாங்க?" என்றாள் அன்புக்கனி.

அவன் சிரிக்கவில்லை. "போலீஸ் வந்திருக்கா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. உக்காரு. சாப்பிட்டியா?" என்றார் மேடம்.

"ஆச்சு மேடம்" என்றான். பார்த்தாலே தெரிந்தது, ஆகவில்லை என்று. மேடம் டிபன் டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். அவன் தொடவில்லை.

ஆய்வகத்தின் மூலையில் அந்தக் கருவியின் சின்ன மாதிரி இன்னும் கிடந்தது. கண்காட்சிக்குச் செய்தது. அணைக்குப் பதில் நீல நிற பிளாஸ்டிக் வாளி. அதன் விளிம்பில் மட்டம் பார்க்கும் கருவி. சங்குக்குப் பதில் ஒரு சின்ன பஸ்ஸர். நடுவில் அதே கணிப்பொறி, அதே இரண்டு புரோகிராம்கள்.

"ஓடவிடு. தண்ணி ஊத்து" என்றார் மேடம்.

அன்புக்கனி குடிதண்ணீர் கேனைச் சரித்து வாளியில் ஊற்றினாள். தண்ணீர் கோட்டைத் தாண்டியது. திரை சிவந்தது. 'அபாயம்.' மறுபடி 'அபாயம்.' வரி வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. பஸ்ஸர் சத்தம் போடவில்லை.

"பாத்தீங்களா மேடம். என்னோடது ஓடுது." இர்ஃபான் பக்கம் திரும்பி, "கவலைப்படாதலே, நான் யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றாள்.

இர்ஃபான் குனிந்துகொண்டான். "நான்தான் கொன்னுட்டேன் மேடம். எங்க வாப்பாகிட்ட கூடச் சொல்லல. தூங்க முடியல."

"உன் புரோகிராமைத் திறந்து பாத்தியா?"

"இல்ல மேடம். பயமா இருந்துச்சு."

"அது எப்ப ஊதும்?"

"விநாடிக்கு ஒருவாட்டி கனியோட பங்ஷனை, அந்தக் கணக்குப் பகுதியைக் கூப்பிடும். கூப்பிட்டா அது எதைத் திருப்பித் தருதோ, அதை வாங்கிப் பாக்கும். அபாயம்னு வந்தா ஊதும்."

"வேற எதாவது வந்தா?"

"ஊதாது."

"சரி. தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி ஊத்து கனி."

அவள் வாளியைக் காலி செய்து வந்து வைத்தாள். கேனைத் தூக்கும் நேரத்தில் மேடம் கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டார். திரையை மட்டும். கீழே கணிப்பொறி இரைந்துகொண்டிருந்தது.

"என்ன மேடம்?"

"ஊத்து."

தண்ணீர் கோட்டைத் தாண்டியது.

"உன் பங்ஷன் ஓடுதா?"

"ஓடும்."

"என்ன சொல்லுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? திரையை அணைச்சிட்டீங்களே."

"சொல்லுதா இல்லையா?"

"சொல்லும் மேடம். அபாயம்னுதான் சொல்லிக்கிட்டிருக்கும்."

"யார்ட்ட?"

அன்புக்கனி கறுத்த திரையைப் பார்த்தாள். அதில் அவள் முகமும் கழுத்தில் தொங்கிய சிவப்புத் துண்டும் மங்கலாகத் தெரிந்தன.

"இர்ஃபானோட புரோகிராமுக்குக் கண்ணு கிடையாது. எப்பவுமே இந்த இருட்டுலதான் இருக்கு. உன்னைக் கூப்பிட்டுட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்கும். நீ கையில என்ன வச்சியோ அதுதான் அதுக்குத் தெரியும்" என்றார் மேடம்.

"நான் கையில…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள் அன்புக்கனி.

மேடம் திரையைப் போட்டு அவள் எழுதிய பங்ஷனைத் திறந்தார். சின்னதுதான். மட்டத்தை வாங்கும் வரி, மழை அளவோடு சேர்த்துக் கணக்குப் போடும் வரிகள். அழகான கணக்கு; அதற்காகவே பரிசு வாங்கியவள் அவள். கடைசி வரியில், அபாயம் என்றால் திரையில் 'அபாயம்' என்று பிரிண்ட் செய்யச் சொல்லியிருந்தாள். அதோடு முடிந்தது. கூப்பிட்டவனுக்குப் பதிலைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் என்ற வரி எங்கும் இல்லை.

இர்ஃபான்தான் முதலில் மூச்சை இழுத்தான்.

"எதுவும் திருப்பித் தராத பங்ஷனைக் கூப்பிட்டா, கூப்பிட்டவனுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவனைக் கேட்டார் மேடம்.

"ஒண்ணுமில்லைன்னு கிடைக்கும் மேடம்."

"கிடைக்காதுன்னு சொல்லுதியா?"

"இல்ல. ஒண்ணுமில்லைங்கறதே ஒரு பதிலாப் போய்ச் சேரும். அந்த மொழியில அப்படித்தான்." அவன் குரல் தடுமாறியது. "அன்னைக்கு அணை நிரம்பின நேரம் பூரா என்னோடது கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. அபாயமா? ஒண்ணுமில்லை. அபாயமா? ஒண்ணுமில்லை."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அன்புக்கனி நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். தோற்கும் இடத்தில் அவளுக்கு எப்போதும் வார்த்தைதான் துணைக்கு வரும். இப்போதும் வந்தது.

"அது எப்படி மேடம்? சொல்லலன்னு எப்படிச் சொல்லுவீங்க? சொல்லியிருக்கே! உலகமே பாத்த படம் அது. கொட்டை எழுத்துல! நான் எழுதினது ஊமை இல்ல. சரியான நேரத்துல, சரியான வார்த்தை. அதைக் கேக்காதவன் குத்தமா, சொன்னவ குத்தமா?"

"சொன்னது சரிதான்."

"அப்புறம் என்ன?"

மேடம் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டையும் சேத்து ஓட்டிப் பாக்கணும்னு யாராவது சொன்னீங்களா? நான் வாளியில ஊத்திக் காட்டினேன், திரையில வந்துச்சு, நீங்க எல்லாரும் சரின்னீங்க. அவன் பட்டனை அமுக்கிக் காட்டினான், சங்கு ஊதிச்சு, சரின்னீங்க. அதிகாரி வந்தாரு, அவருக்கும் அந்தப் பட்டன்தான். அவரு மழையையா கொண்டுவந்தாரு?" அவள் குரல் உடைந்து கீச்சென்று ஏறியது. "சொல்லிக்கொடுத்தது யாரு மேடம்? முதல் வருஷத்துலேர்ந்து லேப்புக்குள்ள வந்ததும் நீங்க கேக்குத மொதக் கேள்வி என்ன? 'அவுட்புட் வந்துட்டா?' அது ஒண்ணுதானே! செய்முறைப் பரீட்சைக்கு வெளியூர்லேர்ந்து வர்ற சார் பாக்கது எதை? திரையை. திரையில எழுத்து வந்தா மார்க்கு. ரிட்டர்ன் போட்டா திரையில ஒண்ணும் தெரியாது, பிரிண்ட் போடுட்டி, அப்பதான் முழு மார்க்குன்னு சீனியர் அக்கா பூராம் சொன்னாங்க. நாங்களும் ஜூனியருக்கு அதையேதான் சொன்னோம். இந்தத் துறையில படிச்ச யார் புரோகிராமை வேணாத் திறந்து பாருங்க, கடைசி வரி பிரிண்டுதான் இருக்கும். அஞ்சு வருஷமாக் காட்டுததுக்குப் பழக்கிட்டு, இப்ப வந்து கையில ஏன் வைக்கலன்னு கேட்டா?"

"உனக்கு முழு மார்க்குப் போட்டது நான்தான்" என்றார் மேடம்.

அன்புக்கனி எதிர்பார்த்தது மறுப்பு. மறுத்தால் அதற்கு மேலே ஏறி நிற்கலாம். இதன்மேல் ஏற முடியவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அது எத்தனையோ நாளாகத் தூங்காத முகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"படத்தைப் பாத்தன்னைக்கே சந்தேகம். உன்கூட உக்காந்து பாக்கணும்னு இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். நீ மைக்குல இருந்த."

 பிறகு அன்புக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசி வரியை அழித்தாள். ரிட்டர்ன் என்று எழுதி, பக்கத்தில் 'அபாயம்' என்று எழுதினாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது. திருத்தினாள். ஓடவிட்டாள். வாளியில் தண்ணீர் அப்படியேதான் இருந்தது.

திரையில் எதுவுமே வரவில்லை. பஸ்ஸர் அலறியது.

சின்னப் பொருள்தான். ஆனால் மூடிய அறையில் அந்தச் சத்தம் காதைக் குத்தியது. வராந்தாவில் போன யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் நிறுத்தவில்லை. அன்புக்கனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாரிச்செல்விக்குப் படித்துறையிலிருந்து மேட்டுக்கு ஓட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? துவைத்த துணியை அள்ளிக்கொண்டு, ஈரப் பாவாடையோடு ஓடியிருந்தால்கூட அணையிலிருந்து வெள்ளம் வந்து சேர்வதற்குள் ஊரையே அடைந்திருக்கலாம். சோப்பைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

இர்ஃபான்தான் கடைசியில் எழுந்துபோய் வயரைப் பிடுங்கினான். அவன் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. அது இறங்கியதே அவனுக்கு அவமானமாக இருந்தது போலும், அவளை நேராகப் பார்க்கவில்லை.

"கனி, ஒண்ணு சொல்லவா? நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். வரியை மாத்தியாச்சு. அணையில இருக்கதையும் சத்தம் காட்டாம மாத்திரலாம். சங்கு வயர்ல பழுதுன்னு யாராவது சொல்லுவாங்க. விட்டுரு" என்றான்.

"பூலுடையார்?"

அவன் பிடுங்கிய வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என் பேரைக் காப்பாத்துதியோ? நான் உன் பேரைக் காப்பாத்தின மாதிரி?" அன்புக்கனி சிரித்தாள். சிரிப்பு வந்த வழியிலேயே அழுகை வந்தது. முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தாள். அழுது முடித்தபோது பழைய கனி திரும்பியிருந்தாள், முதுகு நிமிர்ந்திருந்தது.

"மறைக்க மாட்டேன் மேடம். மறைக்கிற சாதி இல்ல நான். இப்பவே போறேன். அதே மைக்குல ஏறிச் சொல்லுதேன். பூலுடையார் இல்ல, நான்தான்னு. முதல்வர், துறைத் தலைவர், அந்தப் பட்டன் அமுக்குன அதிகாரி, மார்க்குக்காகவே நடத்துத இந்தப் படிப்பு, ஒண்ணையும் விட மாட்டேன். எல்லாத்தையும் கிழிச்சுத் தொங்கவிடுதேன். டிவிக்காரங்க ரெண்டு பேர் வாசல்லதான் இருக்காங்க. வேலை கிடைச்ச கம்பெனி ஆர்டரை மேடையில வச்சே கிழிக்கேன்." போனை எடுத்தாள். "அதுக்கு முன்னால எல்லா குரூப்லயும் போட்டுடுதேன். அப்பதான் கூட்டம் சேரும்."

அவள் விரல்கள் போனில் ஓடின. நல்ல வார்த்தைகள் வந்து விழுந்தன. 'என் கைகளில் ரத்தம் இருக்கிறது' என்று ஆரம்பித்திருந்தாள். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள். இர்ஃபான் சுவரோடு ஒட்டி நின்றான்.

"யாருக்கு எழுதுத?" என்றார் மேடம்.

"எல்லாருக்கும்தான்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

விரல் நின்றது.

"கேட்டாங்களே மேடம். ஊரே கேக்குதே."

"ஊர் பாத்துச்சு. கேட்டது யாரு?"

சன்னலுக்கு வெளியே வாசல் பந்தல் தெரிந்தது. மத்தியான வெயிலில் யாரோ ஒரு மாணவன் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஹலோ, ஹலோ என்று கட்டிடத்தில் மோதித் திரும்பி வந்தது. பந்தலின் ஓரத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மாடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ வாங்கி வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

அன்புக்கனி போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். எழுதியது அனுப்பப்படாமல் உள்ளேயே நின்றது.

"அவங்க கொடுத்த புகாரை அவங்கதான் மாத்த முடியும், இல்ல மேடம்?"

"ஆமா. உண்மை தெரிஞ்சா மாத்துவாங்க. மாத்தாமலும் போகலாம். உன் மேலயும் ஒண்ணு கொடுக்கலாம்."

"கொடுப்பாங்க."

"கொடுக்கட்டும்."

"நீங்க கூட வாரீங்களா?"

"வாரேன். முழு மார்க்குப் போட்டவளும் வரணும்ல."

இர்ஃபான் சுவரை விட்டு நகர்ந்தான். வருகிறேன் என்று சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டான்.

கதவு வரைக்கும் போன அன்புக்கனி கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். முக்கால் மணி நேரம் குறிப்பே இல்லாமல் பேசக்கூடியவளுக்கு முதல் வரி கிடைக்கவில்லை.

"மேடம், அவங்க முன்னால போய் உக்காந்து… எதுலேர்ந்து ஆரம்பிக்க? பிரிண்ட்டுன்னா என்ன, ரிட்டர்ன்னா என்னன்னு அவங்களுக்குப் புரியுமா?"

"சங்கு ஏன் ஊதலன்னு கேட்டாங்க. நான் எழுதினது சங்குகிட்ட சொல்லல, சுவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லு. புரியும்."

"அதைச் சொல்லிட்டு?"

"என்ன?"

"வேணும்னு செய்யல, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி, பரீட்சை முறையே அப்படி, மன்னிச்சிருங்கன்னு… அதெல்லாம் எப்பச் சொல்ல?"

கோமதி மேடம் ஆய்வகத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

"ரிட்டர்னோட பங்ஷன் முடிஞ்சிரும். அதுக்குக் கீழ எத்தனை வரி எழுதினாலும் ஓடாது, கனி."